நீல வாளியின் முறை

சத்தியம். தாயறிய, தண்ணியறிய, தலைக்கு மேலே கடகடவென்று சுற்றுகிற இந்த மின்விசிறி அறிய, சொல்லப்போகிற ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ஒரு எழுத்து பொய்யானாலும் இப்போது என் தொண்டைக்குழியில் நிற்கிறதே கத்தி, இது அப்படியே உள்ளே இறங்கட்டும், நாக்கு அழுகட்டும், பழனிக்கு நான் நடந்த நடையெல்லாம் பாழாய்ப் போகட்டும் என்று ஆரம்பித்தால் மாஜிஸ்திரேட் அம்மா என்ன செய்வார்கள், சிரிப்பார்கள், சிரிக்காவிட்டாலும் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள், இவ்வளவு சத்தியம் தைலம் விற்கிறவன்தான் செய்வான் என்று அவர்களுக்குத் தெரியாதா. வேண்டாம். சாதாரணமாகச் சொல்ல வேண்டும். அம்மா, என் பெயர் வெள்ளியங்கிரி. திருப்பூரில் சென்னியப்பன் காம்பவுண்டில் கடைசி லைன் வீடு. தனிக்கட்டை. முன்பு சந்தை சந்தையாக உடும்புத் தைலம் விற்றேன், இப்போது ஒன்றும் விற்பதில்லை. அவ்வளவுதான், இதில் எங்கே சத்தியம் வருகிறது, இதற்கு எதற்கு மின்விசிறி. ஆனால் சாதாரணமாகச் சொன்னால் எனக்கே நம்பிக்கை வரவில்லையே. அர்ச்சுனன் என் தாடையைப் பிடித்து வலப்பக்கம் திருப்புகிறான், விரலில் சோப்பு வாசமும் பீடி வாசமும், ‘பேசாதீங்க பெரியவரே, உதட்டோரம் வருது’ என்கிறான். நான் எங்கே பேசினேன். நுரைக்குள் உதடு தானாக அசைந்திருக்கிறது. முகம் முழுக்க நுரை, மூக்கு மட்டும் வெளியே, கழுத்தில் இறுகக் கட்டிய வெள்ளைத்துணி, கை இரண்டும் துணிக்குள்ளே. பிணத்தைக் குளிப்பாட்டி உட்கார வைத்தால் இப்படித்தான் இருக்கும். இன்றைக்குக் கோர்ட்டில் கூப்பிடுவார்கள், கொஞ்சம் முகம் தெரிகிற மாதிரி வாருங்கள் என்று அரசு வக்கீலம்மா சொல்லி அனுப்பினார்கள், அதனால்தான் இந்தச் சவரம். முகம் தெரிய வேண்டுமாம். முகத்தைத் தவிர மற்றதெல்லாம்தான் ஏற்கெனவே தெரிந்துபோயிற்றே தாயே.

நிதானம். வாளியிலிருந்து சொல்ல வேண்டும், வாளியை விட்டால் இந்த வழக்கில் தலையும் இல்லை காலும் இல்லை. எங்கள் காம்பவுண்டில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே குளியலறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரக் கதவு, பின்சுவரில் உச்சியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு காற்றுச் சந்து. விடிந்தால் பனியன் கம்பெனி வேன் வந்து நின்று ஹாரன் அடிப்பான், அதற்குள் எல்லோரும் குளித்தாக வேண்டும், ஆள் வரிசையில் நின்றால் சோறு யார் ஆக்குவது, அதனால் வாளிதான் நிற்கும். கதவிலிருந்து துணி துவைக்கிற கல் வரைக்கும் வாளி வாளியாக. நீலம் அழகுமீனா, ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெண், செக்கிங்கில் வேலை. மஞ்சள் ஒரு வீடு. பச்சை ரேணுகா. காது உடைந்த சிவப்பு அடியேன். வாளியை யாரும் தாண்ட மாட்டார்கள், யாரும் நகர்த்த மாட்டார்கள், வாளி நின்றால் ஆள் நின்றது மாதிரி. ‘நீலம் உள்ள போயிருச்சா’ என்றுதான் கேட்பார்களே தவிர அழகுமீனா போய்விட்டாளா என்று கேட்க மாட்டார்கள். இது காம்பவுண்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. மாடியில் இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும். மாடியில் வீட்டுக்காரர் சென்னியப்பன், அவர் மகன் நிவாஸ், காலேஜ் முடித்துவிட்டு ஃபோனோடு பால்கனியில் நிற்கிற பையன். கீழே குனிந்து பார்த்தால் எந்த நிறம் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும், மாடிப்படியின் பின்திருப்பத்தில் நின்றால் காற்றுச் சந்து கைக்கு எட்டும். இவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அந்த ஒருநாள் காலையில் எனக்குக் குளிரில் உடம்பு நடுங்கியது. அழகுமீனா பார்த்தாள். ‘இந்தாங்க தாத்தா, சுடுதண்ணி விளாவி வச்சிருக்கேன், என் வாளியவே எடுத்துக்கிட்டுப் போங்க, நான் உங்களுக்கப்பறம் குளிச்சுக்கிறேன்’ என்றாள். சூடு ஆறிவிடக் கூடாது என்று வாளியைக் கதவோரம் வைத்துவிட்டு, என் சிவப்பு வாளியை எடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் துண்டு எடுத்து வருவதற்குள் மேலே இருந்தவன் நீலம் முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டான். வந்து சந்தில் ஃபோனை வைத்துவிட்டுப் போய்விட்டான். உள்ளே நுழைந்தது நான். காம்பவுண்டில் எத்தனையோ இளம்பெண்கள் இருக்க அவன் ஃபோனில் விழுந்தது எழுபது தாண்டிய உடும்புத் தைலக்காரன், எந்தச் சந்தையிலாவது இதைச் சொல்லியிருந்தால் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

கத்தி காதுமடலுக்குக் கீழே வருகிறது, சர்ர்ர் என்று முள் அறுபடுகிற சத்தம் மண்டைக்குள்ளே கேட்கிறது. முதுகில் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டு அண்ணாந்தபோதுதான் பார்த்தேன். சந்தில் ஒரு ஃபினாயில் பாட்டில், அதற்குப் பின்னால் பளபளவென்று ஒரு கண். ஓணான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓணான் இமைக்கும். இது இமைக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி எட்டி எடுத்துவிட்டேன், இந்த வயதில் எப்படி ஏறினேன் என்று என்னைக் கேட்காதீர்கள், கையில் சூடாக இருந்தது, உயிருள்ள எதையோ கூட்டிலிருந்து எடுத்தது மாதிரி. துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது பெண்கள் எல்லோரும் என்னைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்கள். ஒருத்தியும் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தூக்கத்தில் வருகிறது. கத்துவார்கள் என்று நான் காத்துக்கொண்டு நிற்கிறேன், ஒவ்வொருத்தியும் மனசுக்குள் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருக்கிறாள், நேற்று, முந்தாநாள், போன வாரம், தலைக்கு ஊற்றிய நாள், தூரமான நாள், குனிந்த நாள். அழகுமீனா மட்டும்தான் வாயைத் திறந்தாள். எத்தனை நாளா தாத்தா, என்றாள். எனக்குத் தெரிந்தது போலக் கேட்டாள். அவள்தான் புகார் கொடுத்தாள், போலீஸில் ஃபோனை வாங்கிக்கொண்டு எங்கெங்கோ அனுப்பினார்கள், பழையதெல்லாம் துடைத்துவிட்டிருக்கிறான், மீட்க முடியவில்லை என்று வந்துவிட்டது. இருக்கிற படம் ஒன்றுதான். அதில் இருப்பது நான்தான்.

கதவின் ஸ்பிரிங் கிறீச்சிடுகிறது, அர்ச்சுனன் கை நிற்கிறது, கண்ணாடியில் சென்னியப்பன். வேட்டி மடிப்புக் கலையாமல் பெஞ்சில் உட்காருகிறார். ஏனுங்ணா, சவரமா, என்று கேட்கிறார், நான் தலையை ஆட்டப் போக அர்ச்சுனன் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். சரியான நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார். வெள்ளியங்கிரி வாய் சும்மா இருக்கிற நேரம் உலகத்தில் இது ஒன்றுதான். கண்ணாடிக்குள் இருக்கிற என்னோடு பேசுகிறார், நேரில் இருக்கிற பின்மண்டையோடு அல்ல. அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. போலீஸையும் திட்டவில்லை. வக்கீல் சொன்னதைச் சொல்கிறார். ‘முன்ன மாதிரி இல்லீங்ணா. முன்னயெல்லாம் ஸ்டேசன்ல ரெண்டு தட்டு தட்டி எழுதி வாங்கிட்டு அனுப்பிச்சுருவாங்க. இப்ப சட்டத்த இறுக்கிப்புட்டாங்க. ஜாமீனுக்கே நாக்குத் தள்ளிருச்சு. நிரூபணமாச்சுன்னா வருசக்கணக்குல உள்ள.’ இதே சென்னியப்பன்தான், சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள் என்று டீக்கடை டிவியில் ஓடிய அன்றைக்கு, டம்ளரை மேஜையில் தட்டி, பத்தாது, இவனுங்களையெல்லாம் தூக்குல போடோணும் என்றவர். நானும் ஆமாம் போட்டேன். எல்லோரும் ஆமாம் போட்டோம். யார் வீட்டுப் பையன் என்று தெரியாதபோது எவ்வளவு நல்லவர்களாக இருக்கிறோம். அப்புறம் என்ன ஆயிற்று, தண்டனை எவ்வளவு பெரிசென்று தெரியத் தெரியக் காம்பவுண்டில் ஒவ்வொரு வாயாக மூடியது. பையன் செஞ்சது தப்புத்தான், அதுக்காக வருசக்கணக்கா என்றாள் ஒருத்தி. எம்படம் இருக்குன்னு ஆச்சுன்னா என் வீட்டுக்காரர் என்னை வெச்சிருப்பாரா என்றாள் இன்னொருத்தி. இரண்டு அறையோடு போகிற காலத்தில் அந்த இரண்டு அறையையாவது அடிக்க நாலு கை வந்திருக்கும். இப்போது அந்தக் கனம் மொத்தமும் சாட்சி சொல்கிறவன் நாக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதற்காகச் சட்டம் வேண்டாம் என்கிறேனா. இல்லை தாயே. தெரியவில்லை. நாக்கு கனக்கிறது என்கிறேன்.

‘உங்களுக்கு ஒண்ணுமில்லீங்ணா, ஒரு வார்த்தை’ என்கிறார். சொல்கிறார். நான்தான் அந்தப் பையனைக் கூப்பிட்டு, மறுபடியும் தைல வியாபாரம் ஆரம்பிக்கப் போகிறேன், உடம்பில் தேய்த்துக் குளிக்கிறதை ஒரு படம் எடுத்துக் கொடு சாமி, ஃபோனில் விளம்பரம் போடலாம் என்று கேட்டேனாம். அவன் பெரியவர் பேச்சைத் தட்டாமல் ஃபோனை அங்கே வைத்துக் கொடுத்தானாம். பெண்களைப் பார்த்தவுடன் எனக்கு வெட்கம் வந்து ஒளித்து வைத்திருந்தது போல எடுத்துக் காட்டிவிட்டேனாம். அவ்வளவுதான். கெட்டிக்காரன், இதை யோசித்தவன் கெட்டிக்காரன். என்னைத் தெரிந்த ஒருவனும் இதை நம்பாமல் இருக்க மாட்டான். வெள்ளியங்கிரி செய்யக்கூடியவன்தான் என்பார்கள். அந்தச் சட்டம் பொம்பளையைப் பார்த்தால்தானாம், படத்தில் பொம்பளை யாருமில்லை, இருப்பது ஒரு கிழவன், அந்தக் கிழவனே கேட்டு எடுத்தது. முடிந்தது வழக்கு. அதற்கப்புறம் பொய்ப் புகார் கொடுத்தவள் என்று அழகுமீனா மேல் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும். அவள் அப்பா ஏற்கெனவே இரண்டு தடவை வந்துவிட்டார், மூட்டையைக் கட்டு, ஊரில் உனக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, கேஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று. ஜெயித்துவிட்டு வர்றேம்ப்பா என்று ஒரே வார்த்தையில் நிற்கிறாள். தோற்றால் பையனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்த பொய்காரியாகத்தான் அந்த பஸ்ஸில் ஏறுவாள்.

ஆனால் பாருங்கள், இந்த மனசு இருக்கிறதே, இது நாய். எலும்பைப் போட்டுவிட்டார், கவ்விக்கொண்டு ஓடுகிறது. தைலம் விளம்பரம் என்றால் வெறும் குளியல் போதாதே, முதலில் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் நல்லெண்ணெய் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும், உடும்பு பிடிக்கத் தடை வந்துவிட்டதால் உடும்பில்லாமல் வெறும் மூலிகையில் காய்ச்சினேன் என்று சொன்னால் மாஜிஸ்திரேட் அம்மாவுக்கே சந்தோஷமாக இருக்கும், பையன் முதலில் மாட்டேன் என்றான் என்றும் சொல்லலாம், நல்ல பையன், தாத்தா கூச்சமா இருக்கு என்றான் என்று சொல்லலாம், ஐயோ எவ்வளவு அழகாக வருகிறது, ஒன்றைத் தொட்டால் ஒன்பது வருகிறது, சத்தியமங்கலம் காட்டில் சிறுத்தை என் இடுப்பில் அறைந்த கதையை நான் இப்படித்தானே வளர்த்தேன், முதல் சந்தையில் அது காட்டுப்பூனை, மூன்றாவது சந்தையில் சிறுத்தைக்குட்டி, கோபிச்செட்டிபாளையம் போய்ச் சேர்ந்தபோது அது வாலோடு பன்னிரண்டு அடி. உண்மையைப் பிடித்துப் பார்த்தால் ஒரு வரிதான் இருக்கிறது. நீல வாளி அழகுமீனாவுடையது. அவ்வளவுதான். அதில் ஒட்ட வைக்க ஒன்றுமில்லை, நீட்ட ஒன்றுமில்லை, கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆயுசு முழுக்கப் பேசியவனுக்கு ஒரு வரியை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியவில்லை. நேற்று சாயங்காலம் குழாயடியில் அழகுமீனா பக்கத்தில் வந்து நின்றாள். எனக்காகச் சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அதைக் கேட்கவில்லை. ‘தாத்தா, நாளைக்கு ஒருநாள் மட்டும் கதை விடாதீங்க’ என்றாள்.

அர்ச்சுனன் மீசைக்கு மேலே மூக்கைப் பிடித்துத் தூக்குகிறான், மூச்சு நின்று வாய் பிளக்கிறது, நுரை உள்ளே போகிறது, சோப்பு கசக்கிறது. அந்தக் கசப்பு ஸ்டேஷனை ஞாபகப்படுத்துகிறது, ஏன் என்று தெரியவில்லை, அங்கே கொடுத்த டீயாக இருக்கும். இது நீங்கள்தானா பார்த்துச் சொல்லுங்கள் என்று படத்தைப் போட்டார்கள். நான்தான். ஆனால் அப்படி ஒருவனை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. மேலே இருந்து பார்த்தால் மனிதன் எவ்வளவு சின்னதாக இருக்கிறான். தோள்பட்டை இரண்டு சுள்ளி. இடுப்பில் சிறுத்தை இல்லை. சிறுத்தை அறைந்த தழும்பு இல்லை, இருப்பது குடலிறக்கத்துக்குக் கட்டுகிற பட்டை, அதை அவிழ்த்துவிட்டு அந்த ஆள் அடிவயிற்றில் புடைத்து நிற்பதைக் கையால் மெல்ல உள்ளே தள்ளுகிறான். தள்ளும்போது பேசுகிறான். அதுதான் எனக்குத் தெரியாது, நான் பேசுவேன் என்று எனக்குத் தெரியாது. போ சாமி, உள்ள போ, நல்ல புள்ளையில்ல, என்று கொஞ்சுகிறான். குடலைக் கொஞ்சுகிறான். குடலிறக்கத்தைக் குணமாக்கும் என்று ஆயிரம் பேருக்குத் தைலம் விற்றவன். மேஜைக்குப் பின்னால் நின்ற கான்ஸ்டபிள் பையன் சிரித்துவிட்டு இருமினான். இன்ஸ்பெக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார்கள். எனக்குத் துணி இல்லாதது வெட்கமாக இல்லை, சத்தியமாக இல்லை, ஆற்றில் குளத்தில் கோவணத்தோடு வளர்ந்தவன்தானே. அந்தக் கொஞ்சல்தான். அது யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. அதை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க, இனிமேல் அதை உள்ளே தள்ளும்போது வாயைத் திறக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். முடியவில்லை. இன்றுவரைக்கும் முடியவில்லை. ஊமையாகத் தள்ளுகிறேன், வலிக்கிறது.

எனக்கே இப்படி என்றால். எனக்குப் போனது ஒரு குளியல். அவர்களுக்கு எத்தனை என்று அவர்களுக்கே தெரியாது, எங்கே இருக்கிறது என்று தெரியாது, துடைத்துவிட்டான் என்கிறார்கள், துடைப்பதற்கு முன்னால் யாருக்காவது அனுப்பியிருந்தால். அழகுமீனா இப்போது நைட்டியோடு குளிக்கிறாள். ஈரத்தோடு நைட்டி மேலேயே வேறு துணியைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறாள், உடம்பெல்லாம் அரிப்பு. காற்றுச் சந்தில் சிமெண்ட் வைத்து அடைத்தாயிற்று, ஆனாலும் தலையைத் தூக்குவதில்லை. பஸ்ஸில் எவனாவது சும்மா சிரித்தால் இவன் பார்த்திருப்பானோ என்று தோன்றுகிறது தாத்தா என்றாள். இவன் பார்த்திருப்பானோ, இவன் பார்த்திருப்பானோ என்று முகம் முகமாகப் போகிறதாம். ரேணுகா சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். புருஷன் ஒரே கேள்விதான் கேட்டானாம், உன்னுதும் இருக்கா என்று. இருக்கா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும். தெரியாது என்றாள். தெரியாது என்று ஒருத்தி எப்படிச் சொல்லலாம் என்று அடித்திருக்கிறான். பச்சை வாளி அதே இடத்தில் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மழைத்தண்ணி நிறைந்து கொசுப்புழு நெளிகிறது, எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை, வாளி நின்றால் ஆள் நின்றது மாதிரி.

‘மத்த பொம்பளைங்க அத்தனை பேரும் எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க’ என்கிறார் சென்னியப்பன் கண்ணாடியில். ‘ஒருத்திகூடப் பார்த்ததில்லீங்களாம்.’ அந்த வார்த்தைக்குத்தான், வேறெதற்குமில்லை, அர்ச்சுனன் கை ஆடியது. தாடைக்குக் கீழே சுரீர். நுரையில் ஒரு சிவப்புக் கோடு இறங்குகிறது, வெள்ளைத்துணியில் சொட்டுகிறது. பார்த்து அர்ச்சுனா, கோர்ட்டுக்குப் போற முகம் என்கிறார் சென்னியப்பன், கேலிதான், ஆனால் எழுந்துவிட்டார். படத்தைக் கோர்ட்டில் போட்டுக் காட்டச் சொல்லி நிவாஸுக்கு வாதாடுகிற எங்கள் வக்கீல் கேட்கப் போகிறார், உங்கள் வயசுக்கு அது எதற்கு, சந்தையில் சிங்கம் மாதிரி நின்றவர் நீங்கள், அந்தப் பட்டையும் அதுவும் நாலு பேர் பார்க்கணுமா, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் படத்துக்கே வேலையில்லை என்று என் நன்மைக்காகச் சொல்கிறார். அப்புறம், வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், கடைசிக் காலம் வரை நீங்கள் அங்கேயே இருக்கலாம் என்கிறார். இதுவரை எனக்கு அந்தக் கவலை வந்ததில்லை. இப்போது வந்துவிட்டது. கார் வெளியே இருக்கிறது, ஏசி போட்டு வைக்கிறேன், சேர்ந்தே போயிடலாம் என்று கதவைத் திறக்கிறார், ஸ்பிரிங் கிறீச்சிடுகிறது. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாய் நிறைய நுரை. சரி என்று எடுத்துக்கொண்டிருப்பார். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

படிகாரக் கட்டியை நனைத்து வெட்டில் வைக்கிறான் அர்ச்சுனன். எரிகிறது. எடுக்கவில்லை. வைத்து அழுத்திக்கொண்டே நிற்கிறான், என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை, வாசலில் நிற்கிற காரைப் பார்க்கிறான். இவனும் எங்கள் காம்பவுண்டுதான். மஞ்சள் வாளி இவன் வீட்டு வாளி. இந்தக் கடையும் சென்னியப்பன் கட்டடம். ‘எம் பொண்டாட்டி பார்த்திருக்காளுங்க’ என்கிறான், உதடு அசையாமல், நான் நுரைக்குள் பேசுவேனே அந்த மாதிரி. ஆடி மாசம் கோயில் நோம்பி சாட்டின சமயத்திலேயே பார்த்தாளாம். சந்தில் ஃபோன், இழுத்துக்கொண்டு போன கை, கையில் கட்டியிருந்த வாட்ச். அப்படியே இவனிடம் வந்து சொன்னாளாம். இவன் என்ன சொன்னான் தெரியுமா, வாயை மூடிக்கிட்டு இரு என்றானாம். அதற்கப்புறம் அவள் விடிவதற்கு முன்னால் இருட்டில் போய்க் குளித்துவிட்டு வருவாள், அதற்காகத்தான் மஞ்சள் எப்போதும் முதலில் நின்றது, நாங்கள் எல்லோரும் இவளுக்கு என்ன அவசரம் என்று கேலி செய்தோம். அப்படியென்றால் ஆடியிலிருந்து. அழகுமீனா கேட்டாளே, எத்தனை நாளா தாத்தா என்று. இதோ பதில், படிகாரத்தோடு என் கழுத்தில் எரிகிறது. வாய் என் வசம் வந்துவிட்டது, பேசலாம், நீயும் வா, உன் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். துணியை அவிழ்த்து உதறினான். வெட்டிய முடி, நுரை, என் ரத்தம் எல்லாம் தரையில். ‘நீங்க சொல்லுங்க பெரியவரே. நல்லாச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க.’ துணியை நாலாக மடிக்கிறான், மறுபடியும் பிரிக்கிறான், மறுபடியும் மடிக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. கத்தியை வைத்துக்கொண்டு ஒருவன் இவ்வளவு பயப்படுவதை நான் பார்த்ததில்லை.

எழுந்து நிற்கிறேன். முகம் வழவழவென்று வேறு யாருடையதோ போல. வெயில். கார் கண்ணாடி இறங்குகிறது, குளிர் முகத்தில் அடிக்கிறது, ஏறுங்ணா என்கிறார். நல்ல குளிர். நாக்கு நுனியில் பொள்ளாச்சி நல்லெண்ணெய் தயாராக நிற்கிறது, மூலிகை தயாராக நிற்கிறது, தாத்தா கூச்சமா இருக்கு என்ற நல்ல பையன் தயாராக நிற்கிறான், கதவைத் திறந்து உட்கார்ந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். நான் குனிகிறேன். கதவில் கை வைத்துக்கொண்டே, ‘படத்தைப் போடச் சொல்லு சென்னியப்பா. எல்லாரும் பாக்கட்டும்’ என்றேன். இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், நன்றாக நாலு வார்த்தை வந்தது, விழுங்கிவிட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அழகுமீனா அங்கே குடையை விரித்துத் தலையை மூடிக்கொண்டு நிற்கிறாள், மேலே வானத்தைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில். என் கழுத்து வெட்டைப் பார்த்தாள். ஆடி மாசத்தைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை, சொல்லத்தான் வேண்டும், எப்படிச் சொல்வது. பஸ் வருகிறது. தாயே, எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வெள்ளியங்கிரி. நீல வாளி இந்தப் பெண்ணுடையது, அது கதவோரம் நின்றால் இவள் நிற்கிறாள் என்று காம்பவுண்டில் எல்லோருக்கும் தெரியும், மாடிக்கும் தெரியும். படத்தில் இருப்பது நான். அந்த இடுப்பில் சிறுத்தை அறையவில்லை. அதைப் போட்டுக் காட்டும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அந்தக் கொஞ்சல் வருகிற இடத்தில் மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடிந்தால் குறையுங்கள், முடியாவிட்டால் போகட்டும். இதற்கெல்லாம் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று இருக்கிறது. ஆடி மாசத்திலேயே அந்தக் கையை ஒருத்தி பார்த்தாள், வாட்சோடு பார்த்தாள். பெயரில்லாத வார்த்தை உங்கள் கோர்ட்டில் செல்லாது என்று தெரியும். ஆனாலும் காதில் போட்டு வையுங்கள். யார் சொன்னது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், கேட்டுவிட்டாலும் எழுதாதீர்கள், எழுதிவிட்டாலும் வாய்விட்டுப் படிக்காதீர்கள். எங்கள் காம்பவுண்டில் மஞ்சள் நிறத்தில் வாளியே கிடையாது தாயே.